புதன்கிழமைக் குப்பை

கணவரின் சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பாவ்-சு வந்து சேர்ந்தாள். மூன்று வாரமாக அதைத் துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் தேடி வந்த யுவே-ஷியா, காப்பீட்டு நிறுவனமொன்றில் முப்பது வருடம் விபத்து வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவள். அந்தத் துறைமுக ஊரில் வண்டி எங்கே முட்டினாலும் ஆட்கள் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவள் கணவன் ஆ-ஹுவெய்க்கு டாக்ஸி ஓட்டுவது பிழைப்பு. மனைவியின் துப்பறிதலில் மூக்கை நுழைப்பதுதான் உயிர்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன், புதன்கிழமை மாலை ஐந்து இருபத்தெட்டுக்கு, பாவ்-சுவின் கணவர், ஓய்வு பெற்ற தபால்காரர் தியென்-சாய் கோயில் சந்தியில் போலீஸ் கார் மோதி இறந்துபோனார். துறைமுகத்தில் அடிதடி என்று தகவல் வந்ததால் கார் சைரனோடு விரைந்தது என்றது போலீஸ் அறிக்கை. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டியில் அவரவர் பையை அவரவரே கொண்டுபோய்ப் போடுவது அந்த ஊர் வழக்கம். அந்தப் பாட்டைக் கேட்ட தியென்-சாய், கையில் குப்பைப் பையோடு சிவப்பு விளக்கை மதிக்காமல் குறுக்கே ஓடினாராம். சந்தியின் கேமராவோ மூன்று மாதமாகப் பழுது. தவறு அவருடையதே என்று வெள்ளிக்கிழமை சமரச மன்றத்தில் பாவ்-சு கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அந்தச் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை.

"முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினேன் அக்கா. அந்த மனுஷன் ஒரு நாள் குப்பைப் பையைத் தொட்டதில்ல. எத்தனை திட்டு திட்டியிருப்பேன். செத்த அன்னிக்கு மட்டும் குப்பையைத் தூக்கிட்டு ஓடினாராம்" என்றாள் பாவ்-சு.

யுவே-ஷியா சட்டையை முகர்ந்து பார்த்துக் கணவனிடம் நீட்டினாள். வெள்ளை மிளகும் மீன் உருண்டையும் என்று ஆ-ஹுவெய் அடித்துச் சொன்னான். சாப்பாட்டு விஷயத்தில் அவன் மூக்கு பொய் சொன்னதில்லை.

மறுநாள் முழுக்க ஊரைச் சுற்றிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பினான். கோயில் பக்கத்துச் சூப்புக் கடையில் தியென்-சாய் மீன் உருண்டைச் சூப்பை ஒரு பையில் கட்டி வாங்கியிருந்தார். வீட்டுக்காரிக்குச் சளி, மிளகைத் தூக்கலாகப் போடு என்று கேட்டு வாங்கினாராம். சூப்புக்காரிக்குச் சைரன் கேட்கவில்லை; ஆனால் அவளுக்குக் காது மந்தம் என்று போலீஸ் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது. துறைமுக டாக்ஸி நிறுத்தத்தில் விசாரித்ததில், அன்று அடிதடி எதையும் யாரும் பார்க்கவில்லை. மருந்துக் கடைச் சுவரில் ரோந்துப் பெட்டி ஒன்று உண்டு. குறித்த நேரத்துக்குப் போலீஸ்காரர் வந்து அதிலுள்ள தாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அன்று மட்டும் ஆறரை மணிக்கு நிலைய அதிகாரி தூ தானே வந்து பெட்டியைத் திறந்தார் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"எல்லாம் சரிங்க. இந்த அறிக்கையில ஒரு பெரிய பொய் பல்லை இளிக்குது. கண்ணுல படலையா?" என்றாள் யுவே-ஷியா.

அவன் நான்கு தடவை படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உங்களுக்கு எப்படிப் படும்" என்று சிரித்தபடி, நறுக்கிய கொய்யாத் துண்டு ஒன்றை அவன் வாயில் திணித்தாள். பாவம், இரவெல்லாம் அவனுக்கு அதே யோசனையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சமரச மன்றத்தில் எல்லோரும் கூடினார்கள். மன்றத் தலைவி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அதிகாரி தூ; அவர் அருகே, கார் ஓட்டிய இருபத்தாறு வயதுப் போலீஸ்காரன் ஜுவாங் தலை குனிந்து இருந்தான். பாவ்-சுவின் முன்னால் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

யுவே-ஷியா அதிகாரியைப் பார்த்து மெல்லக் கேட்டாள். "உங்க வீட்டுல குப்பையை யாருங்க வண்டியில போடுறது?"

மனைவிதான் என்றார் தூ, எரிச்சலோடு. தான் நிலைய விடுதியில் இருப்பதாகவும், கூட்டுகிற அம்மா பார்த்துக்கொள்வதாகவும் ஜுவாங் சொன்னான்.

"அதான் விஷயம். இந்த ஊர்ல புதன்கிழமை குப்பை வண்டி வராது. பை தூக்குற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவா. பாவ்-சுவுக்குத்தான் துக்கத்துல கிழமை உறைக்கல."

மன்றத் தலைவி அறிக்கையை வெடுக்கென்று இழுத்துத் தேதியைப் பார்த்தாள். அவளும் பை தூக்குகிறவள்தான். ஆ-ஹுவெயின் காது மடல்கள் சிவந்துபோயின. அவனும் இத்தனை வருடத்தில் ஒரு பை தூக்கியதில்லை.

அந்தப் பையில் இருந்தது சூப்பு என்று சொல்லி, யுவே-ஷியா சட்டையை மேசைமேல் வைத்தாள். பிறகு அன்றைய ரோந்துத் தாளைக் கேட்டாள். தூ தயங்கினார்; தலைவி ஆள் அனுப்பித் தருவித்தாள். மருந்துக் கடைக் கட்டத்தில் சரியாக ஐந்து முப்பதுக்கு ஜுவாங்கின் கையெழுத்து இருந்தது.

"அஞ்சு இருபத்தெட்டுக்கு இந்தப் பையன் கோயில் சந்தியில ஒரு பிணத்துக்குப் பக்கத்துல நிக்கிறான். ரெண்டு நிமிஷத்துல ஒரு கிலோமீட்டர் தள்ளி எப்படிக் கையெழுத்துப் போட்டான்? போட்டது அவன் இல்ல. கட்டம் காலியா இருந்தா, இவன் எதுக்குப் பறந்தான்னு தெரிஞ்சுடும்னு ஆறரைக்குப் போய் நீங்க போட்டீங்க. அடிதடியும் இல்ல, தகவலும் இல்ல. கையெழுத்துக்கு நேரமாச்சு, அவ்வளவுதான். கையெழுத்துப் போடப் போறவன் சைரன் போட மாட்டான்."

தூ வாயைத் திறப்பதற்குள் ஜுவாங் எழுந்துவிட்டான். "பச்சை விளக்கு அவருக்குத்தான் இருந்துச்சு. நான் நூத்திப் பத்து கிலோமீட்டர் வேகத்துல வந்தேன். சைரன் போடல. அறிக்கையை அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன்" என்றான்.

இருவர் மேலும் குற்ற வழக்குக்கு எழுதுவதாகச் சொன்ன தலைவி, பாவ்-சுவின் முன்னால் இருந்த தாளைக் கிழித்தாள். ஜுவாங் சொன்னதை அங்கேயே ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவோடு அவன் பக்கம் தள்ளினாள். அவன் அவசரமாகக் கையை நீட்டினான். பேனா உருண்டு தரையில் விழுந்தது.

பாவ்-சு குனிந்து அதை எடுத்தாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, பேனாவை அவன் விரல்களுக்குள் வைத்தாள்.

"மெதுவாப் போடு தம்பி. இப்போ ஒண்ணும் அவசரமில்ல."