ஒரு பெயருக்கு ஒருவர்

ஏழாவது வரிசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஷோல்பான் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தாள். சர்வர் அரங்கின் விளக்குகள் காலடியைப் பார்த்து எரிபவை. ஆள் நுழைந்த வரிசை மட்டும் வெளிச்சமாகும், ஆள் விலகினால் பத்து நொடியில் இருண்டுவிடும். ஆயிரம் மின்விசிறிகளின் ஒரே சுருதியான இரைச்சலுக்கும், சூடான பிளாஸ்டிக்கின் மெல்லிய இனிப்பு வாசனைக்கும் நடுவே நின்று அவள் மனசுக்குள் பத்து எண்ணினாள். பிறகு இன்னொரு பத்து. அணையவில்லை. புது மென்பொருளை நேற்று மாலைதான் ஏற்றினார்கள், எதையாவது கலைத்துவிட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் மேசைக்குத் திரும்பினாள். பார்க்காமல் திரும்பியதை அவளே கவனித்தாள். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஜன்னல் இல்லாத கட்டிடத்துக்கு அது தெரியாது. வெளியே இரண்டு நாளாகப் பனிப்புயல். எக்கிபாஸ்தூஸ் நகரத்திலிருந்து வரும் பேருந்து நின்றுவிட்டது. அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டியவன் வரவில்லை. கட்டிடத்தில் அவள் மட்டும், தூரத்து வாசலின் காவல் அறையில் காவலர் கனாத் மட்டும்தான்.

உள்தொடர்புக் கருவி கரகரத்தது.

"என்ன ஒராஸ் அண்ணே, உயிரோட இருக்கீங்களா?" கனாத் சிரித்தார்.

இரண்டு வருடமாக இதே கேலி. கணினிப் பதிவேட்டில் அவள் பெயர் ஒராஸ் இப்ராயெவ். இதே அரங்கில் அவளோடு வேலை பார்த்த அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. பெயருக்கு ஒன்று என்று வாங்கிய மென்பொருள் உரிமத்தை வீணாக்க வேண்டாம் என்று நிறுவனம் அவர் பெயரை எடுக்கவேயில்லை. அவளிடம் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் அவருடைய அட்டையையும் கொடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் "வணக்கம், ஒராஸ்" என்று திரை சொல்லும். முதல் மாதம் அதைப் படிக்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பிறகு திருப்பவில்லை. எதுவும் பழகிவிடும் என்பதுதான் தன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்த மோசமான விஷயம்.

"சொல்லுங்க கனாத் அண்ணே."

"வெள்ளிக்கிழமைல்ல, வீட்ல இன்னைக்கு ஏழு ரொட்டி பொரிச்சா, செத்துப்போனவங்க பேருக்கு. உனக்கும் கொண்டாந்திருக்கேன். நம்ம ஒராஸுக்கும் சேத்து வேண்டிக்கன்னு சொன்னேன் பாரு, அவ கேக்குறா, 'வருகைப் பட்டியல்ல இருக்குற ஆளுக்கு எப்படிங்க ரொட்டி பொரிக்கிறது?'ன்னு." அவர் மறுபடி சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இறந்தவருக்கு வைக்கும் நாற்பதாம் நாள் விருந்தைக்கூட அலுவலகம் வைக்கவில்லை. பதிவேட்டில் பணியில் இருப்பவருக்கு யார் விருந்து வைப்பார்கள்? ஊரில் அவருக்கு வேறு ஆளும் இல்லை. அவளாவது பொரித்திருக்கலாம். ஆனால் காலையில் எடுத்து அணிகிற பெயருக்கு மாலையில் எப்படி எண்ணெய் காயவைப்பது?

திரையில் புதிதாக ஒரு சாளரம் திறந்தது.

*ஒராஸ் இப்ராயெவ் என்ற பெயரில் அரங்கில் இருவர். உரிமம் ஒருவருக்கு. மூன்று மணிக்குள் ஒருவரை விடுவிக்கவும்.*

பழைய பதிப்பு அட்டையை மட்டும் எண்ணும். புதியது ஆளையே எண்ணும் என்று விளக்கக் குறிப்பில் படித்திருந்தாள். தரைப்பலகையில் எடை, கூரைக் கருவியில் உடல் சூடு. ஒரு பெயரை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் தில்லுமுல்லை ஒழிக்க. அவள் பட்டியலைத் திறந்தாள்.

*ஒராஸ் இப்ராயெவ். மேசை. ஐம்பத்தாறு கிலோ. சூடு முப்பத்தேழு. உபரி.*

*ஒராஸ் இப்ராயெவ். ஏழாவது வரிசை. எண்பத்துநான்கு கிலோ. சூடு பதினெட்டு. உரியவர்.*

பதினெட்டு. அரங்கின் குளிரும் அதுதான்.

அவள் மெதுவாக எழுந்து கதவுக்குப் போனாள். ஓடவில்லை. ஓடினால் எதையோ ஒத்துக்கொண்டதாகிவிடும். அட்டையைக் காட்டினாள். சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டினாள். சிவப்பு. பின்பக்க அவசரக் கதவைத் தோளால் தள்ளினாள். அந்தப் பக்கம் இரண்டு நாள் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்து கதவை அடைத்திருந்தது. பனிக்குப் பின்னால் காற்று மாடு போலக் கத்தியது.

"கனாத் அண்ணே, கதவு என்னை விட மாட்டேங்குது. கடப்பாரை எடுத்துட்டு வாங்க."

"புயல்ல கை நீட்டினா கையே தெரியல புள்ள. கயித்தப் புடிச்சுத்தான் வரணும். கால் மணி நேரமாவது ஆகும். பயந்துட்டியா?"

"வாங்கண்ணே."

அவர் கேலி செய்யவில்லை. கருவி அமைதியானது.

அவள் அஸ்தானாவில் இருந்த தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். மேலாளர் தீமுர் முதல் மணியிலேயே எடுத்தார். அவருக்கும் எச்சரிக்கை போயிருந்தது.

"பாத்தேன், பாத்தேன். கருவி கோளாறு. உபரின்னு காட்டுறதை விடுவிச்சுடு."

"உபரி நான்தான் சார்."

"பட்டியல்லதானே? ஒரு நிமிஷ வேலை. மூணு மணிக்கு மென்பொருள் பூட்டிக்கிச்சுன்னா மொத்த மையமும் நின்னுடும். அழுத்தும்மா, ஒரே ஒரு நிமிஷம்."

ஒரே ஒரு நிமிஷம்.

இதே குரல். இதே வார்த்தை. இரண்டு வருடத்துக்கு முன்பும் கணக்கில் ஒரு உரிமம் குறைந்தது. 'ஒராஸை ஒரு நிமிஷம் எடுத்துட்டுப் புது இயந்திரத்தைப் பதிவு பண்ணு' என்றார். அவள் எடுத்தாள். பட்டியலில் ஆள் இருந்தால், மூச்சை நிறுத்திவிடும் தீயணைப்பு வாயு அபாய மணி அடித்து இரண்டு நிமிடம் காத்திருக்கும். ஆள் இல்லையென்றால் காத்திருக்காது. அந்த நிமிடத்தில்தான் ஏதோ ஒரு விசிறியின் பெல்ட் கருகிப் புகைந்தது. அரங்கில் ஆள் யாரும் இல்லை என்று திரை சொன்னது. ஏழாவது வரிசையில் ஒராஸ் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். மாரடைப்பு என்று எழுதினார்கள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அழுத்தியது அவள் விரல். இந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அந்த வாக்கியத்தை அவள் முழுசாகத் தனக்குள் சொல்லிப் பார்த்ததில்லை. இப்போது சொன்னாள். உலகம் இடியவில்லை. முதுகு நிமிர்ந்தது.

"முடியாது சார்."

"என்னது?"

"அவரையும் எடுக்க மாட்டேன், என்னையும் எடுக்க மாட்டேன். இனிமே யாரையும் எடுக்க மாட்டேன். மையம் நிக்கட்டும்."

"ஷோல்பான், நீ யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுது. ஒராஸ் அண்ணன் அன்னைக்கு உள்ள இருந்தார்னு உங்களுக்கும் தெரியும். நான்தான் சொன்னேன், 'சார், அவர் உள்ள இருக்கார்'னு. நீங்க சிரிச்சீங்க."

பிறகு விசைப்பலகையின் சத்தம். அங்கிருந்து. அஸ்தானாவிலிருந்து.

"நானே பண்ணிக்கிறேன்" என்றார் தீமுர். இணைப்பு அறுந்தது.

திரையில் அவள் வரி சாம்பல் நிறமானது. மறைந்தது.

அவள் தலைக்கு மேல் இருந்த விளக்கு அணைந்தது. கையை வீசினாள். எரியவில்லை. காலால் தரையை உதைத்தாள். எரியவில்லை. இருட்டில் திரை மட்டும் ஒளிர்ந்தது.

*அரங்கில் ஒருவர்: உரியவர், சூடு பதினெட்டு. உயிர்ப்பாதுகாப்பு தேவையில்லை. மேசை அருகே கணக்கில் வராத சூடு. தீ எனச் சந்தேகம். வாயு தொண்ணூறு நொடியில்.*

கணக்கில் வராத சூடு. அவள் சூடு.

அவள் புது ஆளைப் பதியும் பக்கத்தைத் திறந்து தன் பெயரைத் தட்டினாள். ஷோல்பான் அய்த்முகானோவா. *உரிமம் இல்லை.* மறுபடி தட்டினாள். *உரிமம் இல்லை.* எழுபத்தொன்று. எழுபது.

வாயுவை நிறுத்த ஒரே வழி கைப்பிடி. சுவரில் பதித்த இரும்புப் பிடி. அதைக் கீழே இழுத்து, கையை எடுக்காமல் பிடித்திருக்கும்வரை வாயு வராது. அது ஏழாவது வரிசையின் கடைசியில்.

அங்கே மட்டும் வெளிச்சம்.

நடந்தாள். நான்காவது வரிசை. இருட்டு. ஐந்தாவது. இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம். தரைப்பலகை. டக். நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். டக். கனமான கால். ஒராஸுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

"நான் வர்றேன்" என்றாள் உரக்க. குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள். "ஒராஸ் அண்ணே, நான் ஷோல்பான். அன்னைக்கு அழுத்தினது நான்தான். இன்னைக்கு அழுத்தல. வழி விடுங்க."

ஏழாவது வரிசை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. யாரும் இல்லை. சர்வர் அலமாரிகளின் கண்ணாடிக் கதவுகளில் மூச்சுப்பட்ட ஆவி. வரிசையாக. அவள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே.

முப்பது.

ஓடினாள்.

கைப்பிடி. குளிர் பல்லைக் கூசவைத்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. துரு. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். அரை விரல் அசைந்தது. பதினொன்று. பத்து.

"இன்னொருத்தர் பேர்ல நான் சாக மாட்டேன்!"

ஐந்து.

கைப்பிடி இறங்கியது.

அவள் பலத்தால் அல்ல. மேலிருந்து ஏதோ அழுத்தியது. எண்பத்துநான்கு கிலோ. அவள் இரு கைகளின் மேல் இரு கைகள். அகலமானவை. நகங்கள் நீலம். தோளுக்குப் பின்னால் மூச்சு இல்லாத ஒரு நெஞ்சு.

கூரையில் குழாய்கள் முனகி அடங்கின. வாயு வரவில்லை.

கதவில் கடப்பாரை. ஒரு அடி. இன்னொரு அடி. பூட்டு பிளந்தது. பனிக்காற்று உள்ளே பாய்ந்து அந்த அகலமான விரல்களில் வெண்பனியாகப் படிந்தது.

"ஷோல்பான்! வா புள்ள, வெளிய வா!" கனாத்தின் காலடிகள் வரிசை வரிசையாக நெருங்கின. ஏழாவது வரிசையின் முனையில் நின்றன. கடப்பாரை தரையில் விழுந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு சாண் மேலே பார்த்தார். பின்வாங்கினார். ஓடினார்.

"போதும் அண்ணே" என்றாள். "கையை எடுங்க."

பிடி இறுகியது.

அவள் அழவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. அவள் சூட்டில் அந்த விரல்களின் பனி உருகிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. உருக உருக, அவற்றின் அடியிலிருந்து, அவள் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையை நோக்கி, வெள்ளை வெள்ளையாகப் புதுப்பனி ஏறிக்கொண்டிருந்தது.