மூன்று இழுப்பு

தேவராஜ மொஹல்லா என்னும் பேட்டையின் பூக்கடைச் சந்தில், பகல் மூன்று மணிக்கு, கரியப்பன் இரும்பு மூடியை நகர்த்தினான். கீழிருந்து அழுகிய மல்லிகையும் பழைய ஈரமும் கலந்த வாடை எழுந்தது. அது அவனுக்குத் தெரிந்த வாடை.

மன்னர் காலத்துச் செங்கல் வாய்க்கால் அது. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எந்த வரைபடத்திலும் இல்லை. அதை வரைந்து எடுக்கத்தான் ஐவி வந்திருந்தாள். பழைய கட்டடங்களை ஆராய்கிறவள். கீழே போகும் வழி தெரிந்தவன் இப்போது கரியப்பன் ஒருவன்தான்.

ஆனி மாதம் வரை இரண்டு பேர் இருந்தார்கள்.

"ஒரு இழுப்பு இழுத்தா நல்லா இருக்கறேன்னு அர்த்தமுங்க. ரெண்டுன்னா கயிறு விடோணும். மூணுன்னா மேலே இழுக்கோணும்" என்றான், அவள் இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டே. "என்ன ஆனாலும் முடிச்சை மட்டும் அவுக்காதீங்க."

"ஆயித்து, சரிணா. பேகா, சீக்கிரமா வந்துடுவேன்" என்றாள் ஐவி, கன்னடம் கலந்த தமிழில்.

அவள் விளக்கு ஏணியில் இறங்கி, வளைந்து, மறைந்தது.

அவன் கயிற்றை வலக்கையில் பிடித்தான். ஆனியிலிருந்து அந்தக் கை மரத்துப்போய்விட்டது. கொதிக்கும் டம்ளரும் பச்சைத் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். மருத்துவர் நரம்பு என்றார். கை மட்டுமல்ல, உள்ளேயும் அப்படித்தான் இருந்தது.

அரைமணி நேரம் போனது. எதிர் டீக்கடையிலிருந்து சரசு கூப்பிட்டாள்.

"கரியண்ணா, டீ ஆறுது. கயிறு என்ன ஓடியா போகும்? கம்பியில கட்டிட்டு வாயேன்."

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கும் இதையேதான் சொல்லியிருந்தாள். அவனும் கயிற்றைக் கடைக் கம்பியில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். உள்ளே இருந்தவன் சக்தி, பதினோரு வருடக் கூட்டாளி. திரும்பி வந்தபோது கயிறு அசையாமல் கிடந்தது. சக்தி உயிரோடு மேலே வரவில்லை. கம்பியில் கயிறு உரசிய இடத்தில் மட்டும் பச்சைப் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தது.

எத்தனை முறை இழுத்திருப்பான்?

அந்தக் கம்பி இன்னும் அங்கேதான் இருந்தது. கரியப்பன் அதைப் பார்க்காமல் கயிற்றை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

அப்போது கயிறு அசைந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

மரத்த கைக்கு அது தெரிந்தது. ஐந்து மாதத்தில் அந்தக் கைக்குத் தெரிந்த முதல் சங்கதி அதுதான்.

"அம்மிணி!" என்று குழிக்குள் கத்தினான். பதில் இல்லை. காலைக் குழி விளிம்பில் ஊன்றி இழுத்தான். கயிறு கனத்தது. அந்த ஒல்லிப் பெண்ணின் கனம் அல்ல. ஈரத் துணியோடு ஓர் ஆண் உடம்பு தரையில் உரசி வரும் கனம். இந்த முறை விட்டுவிடக் கூடாது. அது மட்டுந்தான் அவன் மனதில் இருந்தது. இழுத்தான். கனம் குழியின் வாய்க்கு நேர் கீழே வந்து நின்றது.

"அண்ணா!"

குரல் பின்னாலிருந்து வந்தது.

நாலு கடை தள்ளி இன்னொரு மூடியைத் தள்ளிக்கொண்டு ஐவி தலையை நீட்டினாள். முகமெல்லாம் சேறு.

"அந்தக் கடைசியில இன்னொரு ஏணி இருக்கு, கொத்தா, தெரியுமா? கயிறு பத்தலைணா. வளைவுல அவுத்துக் கீழே போட்டுட்டேன். கோச்சுக்காதீங்க."

கரியப்பன் நகரவில்லை.

சிரித்துக்கொண்டே கிட்டே வந்தவள் அவன் தோளைப் பார்த்தாள். நரம்பு புடைத்த கையைப் பார்த்தாள். விறைத்து நின்ற கயிற்றைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"யாரைணா பிடிச்சிட்டிருக்கீங்க?"

அவன் மிச்சமிருந்த ஒரு முழத்தை இழுத்தான்.

கயிற்றின் நுனி வெளிச்சத்துக்கு வந்தது. ஐவி அவிழ்த்துப் போட்ட முடிச்சு மறுபடி போடப்பட்டிருந்தது. ஓர் ஆணின் இடுப்பளவுக்கு வளையமாய், ஒன்றுமில்லாததைச் சுற்றி இறுகி, நீர் சொட்டியது.

அவர்கள் மூடியைப் போட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தான். மனைவி கனகா தட்டில் சோற்றைப் போட்டு ரசம் ஊற்றினாள். கொதிக்கும் ரசத்தில் கையை வைத்தான். சுடவில்லை. நிம்மதியாக இருந்தது.

"ஏனுங்க" என்றாள் கனகா. "சாப்பிடாம கையை எதுக்கு ரெண்டு தரம் அப்படி வாசப் பக்கமா இழுத்தீங்க?"

அவன் தட்டிலிருந்து நகர்ந்துபோன தன் கையைப் பார்த்தான்.

"நான் இழுக்கலெ" என்றான்.

கை இன்னொரு முறை நகர்ந்தது. அது மூன்றாவது.