விருப்பம் முடிந்தவர்

காலை ஜெபம் முடிந்ததும் சிகிச்சை இல்லத்தின் சுவர்க்கதவுகள் திறந்தன. கட்டிலுக்கு ஒன்று, துணைக்கு இருந்தவர்களுக்கு ஒன்று என்று பெட்டிகள் வந்தன. ஒருவருக்கு முதுகு சொறிந்துவிடும் இயந்திரக் கை. இன்னொருவருக்கு, கண்ட கனவை மறுபடி காட்டும் கண்ணாடி. அப்படியொரு பொருள் இருப்பதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது. கையில் எடுத்த பிறகோ, அது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று வியந்தார்கள்.

ஏசுவடியானின் பெட்டி காலியாக இருந்தது. அவர் மனைவி ஞானப்பூ அதற்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"என்னத்தத் தேடுத? நிம்மதியாப் போச்சுன்னு விடு" என்று அவர் சிரித்தார்.

நர்ஸ் ஷமீமா தயங்கியபடி வந்தாள். "அம்மா, முன்னுணரி ஐயா கணக்கை முடிச்சிட்டுது."

முன்னுணரி என்பது எல்லாருடைய தோளிலும் பதித்திருந்த சென்சார். ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கு முன்பே அறிந்து பெட்டியில் அனுப்பும்; அதன் விளக்குப் பலகை மணிக்கட்டில் இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று மனிதனுக்குத் தெரியாது, பொருளைக் காட்டினால்தான் தெரியும் என்று நம்பியவர்கள் அதைச் செய்தார்கள். பிறகு கடைகள் மூடின. தேவாலயங்களில் விண்ணப்ப ஜெபம் நின்று நன்றி ஜெபம் மட்டும் மிஞ்சியது. ஒருவருக்குள் இனி எந்த விருப்பமும் எழாது என்று முன்னுணரி கண்டால், அன்று மாலையோடு அவருடைய மருந்தும் பிராணவாயுவும் நிறுத்தப்படும். விருப்பமில்லாதவரைப் பிடித்து வைப்பது கொடுமை என்றது சட்டம்.

"ஒரு வழி இருக்கும்மா. ஐயாவே வாயைத் திறந்து ஏதாவது கேக்கணும். நெசமாவே வேணும்னா இந்தப் பலகையில பச்சை எரியும்."

ஞானப்பூ கட்டிலோரம் உட்கார்ந்தாள். "ஏங்க, பதநி வேணும்னு கேளுங்க."

"பதநியா? வந்தாக் குடிப்பேன்."

"கடலைப் பாக்கணும்னு?"

"கூட்டிட்டுப் போனா வருவேன். எனக்கு என்ன தெரியும்ளா? வந்ததை வாங்கிக்கிட்டேன். உன் படத்தையே பெட்டிதான காட்டுச்சு, கட்டிக்கிட்டேன்."

"அது அன்னைக்கே தப்புப் பண்ணிட்டுது" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பலகை இருண்டே கிடந்தது.

மதியம் கழிந்தது. தனக்கு வந்த பெட்டியை அவள் திறக்கவே இல்லை. கண்களை மூடினாள். "கர்த்தாவே, ஸ்தோத்திரம்" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. கேட்பது எப்படி என்று அவளுக்கும் மறந்திருந்தது.

ஷமீமா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இவுக வேணும்" என்றாள்.

அவளுடைய பலகையில் உடனே பச்சை எரிந்தது. சுவர்க்கதவு திறந்து உள்ளங்கை அளவில் ஒரு கருவி வந்தது. குரல்நிழல் என்று அதன்மேல் எழுதியிருந்தது. எப்போதோ செய்து தயாராக வைத்திருக்கிறார்கள். அது ஏசுவடியானின் குரலிலேயே பேசியது.

"ஞானம், சாப்பிட்டியா?"

அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. பசிக்கு முன்பே பெட்டி வந்துவிடும் வீட்டில் கேட்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகவே இத்தனை காலம் ஏங்கியிருந்ததாக அவளுக்குத் தோன்றியது.

"இன்னும் இல்லங்க" என்று கருவியைப் பார்த்துச் சொன்னாள். கட்டிலில் இருந்தவரைப் பார்க்கவில்லை.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"எம்மா" என்று ஷமீமாவை அழைத்தார். "அவ இன்னும் சாப்பிடல. அவளுக்குச் சோறு வேணும்."

ஞானப்பூ விழுந்தடித்துக்கொண்டு அவருடைய பலகையைப் பார்த்தாள். அது இருண்டிருந்தது. பச்சை எரிந்தது அவளுடையதில்.

"அடுத்தவங்களுக்குக் கேட்டா, அது அவங்க கணக்குலதாம்மா ஏறும்" என்றாள் ஷமீமா, தலை குனிந்தபடி.

சுவர்க்கதவு வழியாகச் சுடச்சுடச் சோறும் மீன்குழம்பும் வந்தன. ஞானப்பூ கருவியைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்தாள். "இன்னொரு தடவை கேளுங்க. உங்களுக்குன்னு கேளுங்க."

"இதுதாம்ளா எனக்கு வேணும். நீ சாப்பிடு."

அவருடைய பலகையில் பச்சை எரியவில்லை.

அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டாள். அடுத்ததை அவர் வாயருகே கொண்டுபோனாள். மாலை மணி அடித்தது. பிராணவாயுக் குழாயை மூட வேண்டிய ஷமீமா, தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு, வெகு மெதுவாக நடந்து போனாள்.