காதுக்குப் பின்னால் பொத்தான்

மரகதக்குடியில் காலை இட்லி வேண்டுமென்றால் முதலில் நாக்கை நீட்ட வேண்டும்.

உணவுக்கூடத்து வாசலில் அச்சமானி என்றொரு பெட்டி இருந்தது. அதன் தகட்டில் நாக்கை வைத்தால், உள்ளே எவ்வளவு பயம் ஊறிக் கிடக்கிறது என்று எண் காட்டும். நாற்பதுக்குக் கீழே என்றால் கதவு திறக்கும். மேலே போனால் இட்லி கிடையாது, ஊர்க்குழுவுக்குத் தகவல் போய்விடும். சனியின் துணைக்கோளான டைட்டனில், வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே நூற்றெண்பது பாகைக் குளிரில் மீத்தேன் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஒரு கண்ணாடிக் கவிகைக்குள் வாழ்ந்த ஒன்பதாயிரம் பேரில் ஒருவருக்குக்கூட ஐந்து வருடமாக எண் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. அந்த ஊருக்குள் ஒரு புலியைக் கொண்டுவந்து விட்டிருந்தால் புலிதான் பயந்திருக்கும்.

காரணம் உப்பு. நாக்குக்கு அடியில் ஒரு கல் உப்பை ஒளித்துக்கொண்டால் அச்சமானி ஏமாந்துவிடும். இதைத் தங்கள் வீடு மட்டும்தான் கண்டுபிடித்ததாக ஒன்பதாயிரம் பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் சாம்பார் சப்பென்று இருந்தது. யாரும் புகார் சொல்லவில்லை.

போன வருடம் ஒரே வாரத்தில் மூன்று பேர், காப்புடை போடாமல் வெளிக்கதவைத் திறக்கப் போனார்கள். நல்லவேளை, பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்தந்த நாள் காலையில் மூவருக்கும் எண் பன்னிரண்டு. ஊர்க்குழு நடுங்கிப்போய் ஒரு சட்டம் போட்டது: கதவுக் காவலர்கள், கவிகை வேலைக்காரர்கள் எல்லோரும் மனத்துணைவர் பயிற்சி பெற்றுத் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் அடுத்த கப்பலில் பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கிழக்குக் கதவுக் காவலர் தமயந்திக்கு அது மூன்றாவது வாய்ப்பு. அவள் மகள் குயிலிக்கு ஒன்பது வயது. ஏழில் ஒரு பங்கு எடையில் பிறந்து வளர்ந்த எலும்பு. பூமியில் எழுந்து நிற்கக்கூட முடியாது. தோற்றால் தமயந்தி தனியாகத்தான் போக வேண்டும்.

"அம்மா, உன் கை நடுங்குது."

"ஒண்ணுமில்லடி. குளிர்."

"உள்ள இருபத்தாறு டிகிரிம்மா." குயிலி தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உப்பு எடுத்துக்கிட்டியா? தேர்வு வாசல்லயும் அந்தப் பெட்டி இருக்கு."

தமயந்தி இரண்டு கல்லாக எடுத்துக்கொண்டாள்.

தேர்வு நடத்தியவர் பேராசிரியர் சௌந்தரநாயகி. மனத்துணைப் பாடத்தில் மொத்த விதிகளையும் அவரே எழுதியிருந்தார். "எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னால் பத்து மதிப்பெண் போச்சு. "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்" என்று ஆரம்பித்தால் அறையை விட்டே வெளியேற்றம். எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாம் விதி: ஒருவர் 'ஒண்ணுமில்லை' என்று சொன்னால் அதை நம்பி எழுந்து போகாதே.

தேர்வுக்கு உட்காருபவருக்கு எதிரே ஒரு நடிநோயர் இருக்கும். மனிதத் தோல், மனித வியர்வை, விதவிதமான துக்கங்களை ஏற்றிய இயந்திரம். அரைமணி நேரம் அதனிடம் பேச வேண்டும். பேச்சை ஒரு மதிப்பீட்டுப் பொறி மட்டும் கேட்டு எண் போடும். பேராசிரியர் கண்ணாடிக்கு அப்பால் சத்தமில்லாமல் பார்ப்பார். மணி அடித்ததும் நடிநோயரின் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால், அது அணைந்து, கேட்டதையெல்லாம் மறந்துவிடும்.

தமயந்தி உள்ளே போனபோது நடிநோயர் நாற்காலியில் தயாராக இருந்தது. நாற்பது வயது ஆணின் உருவம். சரியாக மழிக்காத தாடை, நகத்தைக் கடித்துக் கடித்துச் சிவந்த விரல். என்ன வேலைப்பாடு என்று அந்தப் பயத்திலும் அவள் வியந்தாள்.

"வாங்க, உக்காருங்க" என்றது அது.

வரவேற்கிற நோயரா? புது ரகம் போலிருக்கிறது. அவள் உட்கார்ந்தாள்.

"உங்க மனசுல என்ன ஓடுது?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்களே சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றது அது.

மூன்றாம் விதி. தமயந்தி வாயைத் திறக்காமல் இருபது வரை எண்ணினாள். பதினேழில் அது உடைந்தது.

"கிழக்குச் சுவர்ல முப்பத்தோராவது இணைப்புப் பட்டி. நான்தான் ஒட்டினேன். பசை பாதிதான் பிடிச்சுது. மேஸ்திரி வந்து முடிஞ்சுதான்னு கேட்டார். முடிஞ்சுதுன்னுட்டேன். அஞ்சு மாசம் ஆச்சு. தினமும் அந்தப் பட்டி என் நெஞ்சுமேல பிரியற மாதிரி இருக்கு."

கிழக்குச் சுவர் தமயந்தி காவல் காக்கிற சுவர். ஐந்து மாதமாக அந்தச் சுவரிலிருந்து அவளுக்கு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. யாரிடமும் அவள் சொல்லவில்லை. சத்தம் கேட்கிற காவலரை யார் காவலுக்கு வைத்துக்கொள்வார்கள்? எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள், கண்டுபிடித்து அதையே இந்த இயந்திரத்துக்குள் ஏற்றி என் எதிரில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" குரல் அவளுடையதாகவே இல்லை.

"எப்படிங்க சொல்றது? நாலு பேரு என்ன நினைப்பாங்க?" அது முன்னால் குனிந்தது. "உங்க கழுத்து நரம்பு துடிக்குதே. நீங்க சொல்லுங்க."

மாட்டிக்கொண்டாயிற்று, இனி மறைத்து என்ன பயன்? மேலும் இது இயந்திரம்தானே. மணி அடித்தால் மறந்துவிடும்.

"அந்தச் சுவர் முனகுது" என்றாள் தமயந்தி. "டிக், டிக்னு. ஒரு ஷிப்டுக்குப் பத்து தடவை காதை வெச்சுக் கேக்கறேன். முதல்ல வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுது. இப்ப மணிக்கு ஒரு தடவை."

எதிரே இருந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. உதடு மட்டும் அசைந்தது. "எந்த இடத்துல?"

"கதவுக்கு இடப்பக்கம். தோள் உயரம்."

இருவருக்கும் மூச்சு வாங்கியது. இருவரும் பாடப்படி மற்றவரை மெதுவாக மூச்சு விடச் சொன்னார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் சௌந்தரநாயகி பூரித்துப்போய் உதவியாளரிடம் சொன்னார்: "இந்த வருஷத்து நடிநோயர் பிரமாதம்ப்பா. மூக்குகூட ஒழுகுது பாரு."

மணி அடித்தது.

தமயந்தி கையை நீட்டினாள், அதன் இடது காதுக்குப் பின்னால். அதே நேரம் அதன் கை நீண்டு, அவளுடைய இடது காதுக்குப் பின்னால் தடவியது.

பொத்தான் இல்லை. வெதுவெதுப்பான தோல், கொஞ்சம் முடி, ஒரு மரு.

இருவரும் காதைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க..." என்றாள் தமயந்தி.

"லூர்துராஜ். மேற்கு வட்டாரம். தேர்வு எழுத வந்தேன். நீங்கதானே நோயர்?"

நடந்தது இதுதான். தேர்வுப் பட்டியலில் நடிநோயர்களின் பெயருக்கு முன்னால் 'இ.' என்று போடுவது வழக்கம். இயந்திரம் என்பதன் சுருக்கம். லூர்துராஜின் அப்பா பெயர் இன்னாசி. நூற்று நாற்பது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தபோது மண், மரம், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனங்கள், இனிஷியலை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தார்கள். இ. லூர்துராஜை ஒரு குமாஸ்தா நோயர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

ஆனால் அந்த நிமிடம் அவர்கள் யோசித்தது இனிஷியலைப் பற்றி அல்ல. எதிரே இருப்பது மனிதர் என்றால், அந்தப் பட்டி நிஜம். அந்தச் சத்தம் நிஜம். வெளியே இருக்கிற மீத்தேன் உள்ளே கசிந்து பிராணவாயுவோடு கலந்தால் ஒரு தீப்பொறி போதும். கிழக்குச் சுவருக்குப் பக்கத்தில்தான் குயிலியின் பள்ளிக்கூடம்.

கதவைத் திறந்துகொண்டு சௌந்தரநாயகி வந்தார். "என்ன ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் காதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றார்கள் இருவரும்.

ஐந்து மாதப் பழக்கம், அதற்கு முன்னால் ஆயிரம் வருடப் பழக்கம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப சரி" என்று பேராசிரியர் திரும்பினார்.

அவர் முதுகைப் பார்த்தபோது தமயந்திக்கு வந்த பயம் எந்த அச்சமானியையும் வெடிக்க வைத்திருக்கும். சொன்னால் வேலை போகும். கப்பல். குயிலி. சொல்லாவிட்டால்? அவள் வாயிலிருந்த இரண்டு உப்புக்கல்லையும் துப்பினாள். பாய்ந்து போய்ப் பேராசிரியரின் புடவைத் தலைப்பைப் பிடித்தாள்.

"மேடம், மூணாம் விதி. ஒண்ணுமில்லன்னு சொன்னா நீங்க போகக் கூடாது."

போய்ப் பார்த்தபோது பட்டி முக்கால்வாசி பிரிந்திருந்தது. அபாயச் சங்கு ஊத, ஒன்பதாயிரம் பேரும் காப்புடைக்குள் புகுந்து கவிகையின் மேற்குச் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நிற்க, லூர்துராஜே போய் மறுபடி ஒட்டினான். இம்முறை பசை காயும்வரை சுவரை விட்டு அகலவில்லை. இன்னும் ஒரு நாள் தாங்கியிருக்காது என்றார்கள் பொறியாளர்கள்.

விசாரணையில் சௌந்தரநாயகி கேட்டார்: "நாலு பேரு, நாலு பேருன்னீங்களே, யாரு அந்த நாலு பேரு? பேரைச் சொல்லுங்க."

ஒருவராலும் சொல்ல முடியவில்லை. குடியிருப்புப் பதிவேட்டில் தேடினார்கள், இல்லை. கப்பலில் வந்தவர்கள் பட்டியலிலும் இல்லை. டிக்கெட்டே எடுக்காமல் பூமியிலிருந்து கூடவே வந்திருக்கிறார்கள்.

முடிவு வந்தது. தமயந்தி தேறிவிட்டாள். கப்பல் அவள் இல்லாமல் போனது. லூர்துராஜுக்குச் சான்றிதழ் இல்லை. பொறி அவனை நோயராகவே மதிப்பிட்டு, 'அச்சம் மிக இயல்பாக நடிக்கப்பட்டுள்ளது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு' என்று எழுதிவிட்டது. பதிவேட்டில் இன்றுவரை அவன் இயந்திரம்தான்.

தமயந்தி கிழக்குக் கதவுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை போட்டு, பலகை மாட்டி, சான்றிதழைச் சட்டமிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மாதம் ஓர் ஈகூட வரவில்லை. லூர்துராஜ் வீட்டு வாசலிலோ அதிகாலையிலிருந்து வரிசை. அவன் அடுப்பில் ரசம் கொதிக்கிறது, அவனுக்கு இருமல், குறட்டை, தலையில் பேன் மருந்து வாசனை. எல்லாம் தெரிந்தும், "மெஷின்தானேப்பா, வெளிய போகாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போனார்கள். ஊரில் சாம்பாருக்கு உப்பு திரும்பியது.

தமயந்தி ஒருநாள் தூரிகை எடுத்துப் பலகையில் தன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தாள். இ. தமயந்தி.

மறுநாள் முதல் ஆளாகக் கதவைத் தட்டியவர் பேராசிரியர் சௌந்தரநாயகி. உள்ளே வந்து, கதவைத் தாழிட்டு, ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன மேடம் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

தமயந்தி இருபது வரை எண்ணினாள்.

பதினெட்டில் பேராசிரியர் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "நீ இயந்திரம்தானேம்மா?"

தமயந்திக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். வந்த தும்மலை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"ஆமா மேடம். சொல்லுங்க."