'வர்றேன்' என்றவள்

லாரியின் பின்பலகையைத் திறந்து, இனோகே பாஸ்டரைத் தார்ப்பாயோடு சேர்த்து நாலு பேர் இறக்கினார்கள். மழையில் நனைந்த வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. அதில் பார்வை இல்லை.

தோரிகா பாயையும் சட்டியையும் துணிப்பையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணவனுக்குப் பின்னாலேயே ஓடினாள்.

பப்புவா நியூ கினியின் அந்தத் தீவில் மிஷன் ஆஸ்பத்திரி என்றால் அது ஒன்றுதான். தகரக் கூரை போட்ட நீள வார்டு. ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஒரு குடும்பமே குடியிருந்தது. கட்டிலுக்கு அடியில் குழந்தைகள் தூங்கின. ஜன்னல் கம்பியில் துணி காய்ந்தது. பாக்கு மென்று சிவந்த வாய்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் புதியவர்களைப் பார்த்தன.

காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டில். பின்வாசலை ஒட்டிய கடைசிக் கட்டில்.

"இதுல ஏன் யாரும் படுக்கல?" என்று தோரிகா கேட்டாள்.

"காத்து ஜாஸ்தி வரும், பாஸ்டரம்மா" என்றாள் நர்ஸ் லோயிஸ். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மலேரியா தலைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். "உங்க ஃபிஜியில இந்தக் கொசு கிடையாது. இதோட சண்டை போட்டு உங்க உடம்புக்குப் பழக்கமில்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா பிழைக்க வழி இருக்கு. ஆனா மேகம் விலகாம விமானம் இறங்காதே, அம்மா."

மேகம் விலகவில்லை. ஊழியம் செய்த கிராமத்துக்குப் போகும் பாதையும் ஆற்றோடு போய்விட்டது. சபையார் யாரும் வர வழியில்லை. ஃபிஜித் தலைநகர் சுவாவிலிருந்து மகன் போனில் அழுதான்.

"நான் கிளம்பி வரட்டாம்மா?"

"விமானமே இறங்கலடா. எதுல வருவே, நீந்தியா?"

போனை வைத்த பிறகுதான் அவள் அழுதாள்.

அடுத்தடுத்த கட்டில்காரர்கள் அவளிடம் ஜெபம் கேட்டு வந்தார்கள். மிஷனரி அம்மா அல்லவா? எல்லோருடைய நெற்றியிலும் கை வைத்து ஜெபித்தாள். அவளுக்காக ஒரு வார்த்தை ஜெபிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பாஷையும் அவளுக்கு அரைகுறைதான். சொந்த மொழியில் பேச ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரோ நினைவில்லாமல் கிடந்தார்.

துணிப்பையைத் தலைக்கு வைத்துக் கட்டிலடியில் படுத்தால், உள்ளே இருந்த, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு கன்னத்தில் குத்தியது. சொந்த ஊரான கண்டாவுத் தீவில் கணவனின் தம்பி தோட்டத்தில் பிடுங்கிக் கட்டிக் கொடுத்தது. அயல் மண்ணில் கால் வைத்ததும், அங்கே முதலில் இருப்பவர்கள் முன்னால் அதை வைத்து, 'வந்திருக்கிறோம், இடம் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். ஃபிஜிக்காரர்கள் விருந்தாளியாகப் போகும் எந்த வீட்டிலும் இது இல்லாமல் உட்கார மாட்டார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த அன்று மிஷன் கமிட்டிக்காரர்கள் நாற்காலி போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கை குலுக்கிவிட்டார்கள். வேர்க்கட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. பையிலேயே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள், பொழுது சாய்கிற நேரம். பின்வாசல் பக்கம் பாயை விரித்து, அவித்த சேம்பங்கிழங்கையும் டின் மீனையும் பரிமாறினாள். கணவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். வைக்காமல் இருக்க மனசு வரவில்லை. வெளியே தூறல். வாசலுக்கு அந்தப் பக்கம் மிஷன் கல்லறைத் தோட்டம். அலரி மரங்கள் வெள்ளைப் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தன.

வாசலை யாரோ கடந்தார்கள்.

தோரிகா தலையைத் தூக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து பழகிய வாய். சாப்பிடும்போது வாசலில் நிழல் தட்டினால் தானாக வரும் வார்த்தை.

"வாங்க, சாப்பிடுங்க."

ஃபிஜி மொழியில்தான் சொன்னாள். ஊரில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. 'இப்பத்தான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க' என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். கூப்பிடுவது ஒரு மரியாதை. மறுப்பது இன்னொரு மரியாதை. நிஜமாகவே யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.

"வர்றேன்."

அதுவும் ஃபிஜி மொழி.

தோரிகா நிமிர்ந்தாள். வாசலில் தூறல் மட்டும் இருந்தது.

பிறகு அந்த வாசனை வந்தது. மொகோசோய் பூவைப் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். அவள் ஊரில் ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் மணக்கிற எண்ணெய். இந்தத் தீவில் அதைக் காய்ச்சுவார் யாருமில்லை.

கணவனின் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டாள். மரத்தூளை மென்றது போல் இருந்தது. உப்பில்லை, ருசியில்லை. தன் தட்டில் இருந்த அதே மீன் சரியாக இருந்தது.

பயப்பட்டிருக்க வேண்டும். பயப்படவில்லை. ஆறுதலாக இருந்தது. அவ்வளவு தனியாக இருந்தாள்.

மறுநாளும் கூப்பிட்டாள். இந்த முறை வேண்டுமென்றே.

"வர்றேன்."

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் கனமில்லாமல் கழிந்தன. மூன்றாவது தட்டு வைத்தாள். மகனைப் பற்றி, முடிக்காமல் விட்டுவந்த வீட்டுக் கூரையைப் பற்றி, வெறும் பாயைப் பார்த்துப் பேசினாள். சில நேரம் பழைய கீர்த்தனை ஒன்றை யாரோ முனகுவது கேட்டது. யாரும் இப்போது பாடாத பழைய ராகம்.

ஒருநாள் வெந்நீர் வைக்கச் சமையல் கொட்டகைக்குப் போய்த் திரும்பினாள். நர்ஸ் லோயிஸ் இடுப்பில் கை வைத்து எதிரே நின்றாள்.

"நல்ல ஆளுதான் நீங்க. சொந்தக்காரங்க யாருமில்லன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டு என்கிட்ட கிழங்கு வாங்கித் தின்னீங்க. இப்ப என்னடான்னா வீட்டு ஆளு வந்து உக்காந்திருக்கு."

"எந்த ஆளு?"

"முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தாங்களே. பெரிய வெள்ளை கவுன். தலையெல்லாம் எண்ணெய். பாஸ்டருக்குத் தலை வாரிட்டு இருந்தாங்க. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. உங்க ஊர்ல எல்லாருக்கும் இவ்வளவு கர்வமா?"

தோரிகா கட்டிலுக்கு ஓடினாள்.

இனோகேயின் தலைமுடி பளபளவென்று எண்ணெயில் மின்னியது. படிய வாரி, பக்கத்தில் வகிடு எடுத்திருந்தது. முப்பது வருஷத்தில் அவர் அப்படி வகிடு எடுத்ததே இல்லை.

நெற்றியைத் தொட்டாள். கை சுட்டது.

உதடுகள் அசைந்தன. இத்தனை நாளில் முதல் பேச்சு. காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"வந்துட்டேன், வாசிதி."

அவர்கள் குடும்பத்தில் வாசிதி என்று யாரும் இல்லை.

அந்தப் பெயரைச் சொன்னதும் லோயிஸின் முகம் மாறியது. விளையாட்டுப் பேச்சு நின்றுபோனது.

"கடைசிக் கட்டில் வேண்டாம்னு நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும், பாஸ்டரம்மா."

"இப்பச் சொல்லு."

"முதல் முதலா இங்க வேதம் சொல்ல வந்தது உங்க ஃபிஜிக்காரங்கதான். தாத்தனுக்குத் தாத்தன் காலம். அதுல ஒரு வாத்தியாருக்கு இதே காய்ச்சல். பொண்டாட்டி ராப்பகலா பக்கத்துலயே இருந்தாங்களாம். 'நீ போய்த் தண்ணி எடுத்துட்டு வாம்மா, நாங்க பாத்துக்கிறோம்'னு அனுப்பி வெச்சிருக்காங்க. குடத்தோட திரும்பி வர்றதுக்குள்ள ஆளு போயாச்சு. தொத்து வியாதின்னு பயந்துகிட்டு அவசரமா புதைச்சுட்டாங்க. இடத்தைக்கூடக் காட்டலயாம்."

"அப்புறம்?"

"அந்தம்மா நம்பவே இல்ல. சாகுறவரைக்கும் வீடு வீடாப் போய், என் புருஷனை எங்க படுக்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்களாம். அவங்க பாஷை யாருக்கும் புரியல." லோயிஸ் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினாள். "இந்தக் கட்டிலுக்கு நேர் எதிர்ல அந்த உடைஞ்ச கல்லு இருக்கே, அவங்களோடதுதான். வாசிதி."

மறுநாள் பிற்பகல் இனோகேக்கு வலிப்பு வந்தது. ஊசி போட்டு அடக்கிவிட்டு டாக்டர் தோரிகாவைத் தனியே அழைத்தார். "மனசைத் திடப்படுத்திக்கோங்க" என்றார்.

பொழுது சாய்ந்தது. கரண்ட் போனது. வார்டில் எல்லோரும் ஏனோ பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது.

தோரிகா இன்று சமைக்கவில்லை. பாய் விரிக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

வாசனை வந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம், மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது. ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவு.

இனோகேயின் விரல்கள் மடங்கின. எதையோ பற்றிக்கொண்டதுபோல.

"நீ போய்த் தண்ணி எடுத்துட்டு வாம்மா" என்றது குரல். களைத்துப்போன, பிரியமான குரல். "நான் பாத்துக்கிறேன்."

தோரிகாவின் கால்கள் எழுந்துவிட்டன.

எழுந்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனால் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எப்படித் துரத்துவது? வேதத்தைத் தூக்கிக் காட்டவா? எதிரே உட்கார்ந்திருப்பவளும் வேதம் சொல்ல வந்தவள்தான். அதோடு, அவளாக வரவில்லை. வாயால் கூப்பிட்டு, தட்டு வைத்து, பேசி மகிழ்ந்து உட்கார வைத்தது தோரிகா. கூப்பிட்ட விருந்தாளியை எழுந்து போ என்று சொல்ல எந்த ஃபிஜிக்காரிக்கும் நாக்கு வராது.

விருந்தாளி.

யார் விருந்தாளி?

குனிந்து துணிப்பையை இழுத்தாள். இன்னும் யாருக்கும் கொடுக்காத வேர்க்கட்டு கையில் வந்தது.

கணவனின் காலில் தோளைச் சாய்த்தபடியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வேர்க்கட்டை இரண்டு கையாலும் ஏந்தித் தலை குனிந்தாள். ஊரில் ஆண்கள் சொல்லும் வார்த்தைகள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம்.

"இந்த இடத்துக்கு மூத்தவளே. இது உங்கள் வீடு, உங்கள் மண். நாங்கள் பிந்தி வந்தவர்கள். கேட்காமல் உங்கள் வாசலைத் தாண்டிவிட்டோம். பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே படுத்திருப்பவர் இனோகே. கண்டாவுக்காரர். என் கணவர். உங்கள் கணவர் இல்லை, அம்மா. இந்தச் சிறிய காணிக்கையை ஏற்று, நாங்கள் ஊர் திரும்ப விடை கொடுங்கள்."

அழுகையோடு முடிக்க வேண்டியதையும் முடித்தாள். அந்த வார்த்தைகளை முடிக்கிற விதம் ஒன்றுதான். நாக்கு தானாக அங்கே போய் நின்றது.

"எங்கள் வீட்டு வாசலும் உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கும்."

வேர்க்கட்டைப் பின்வாசல் படியில் வைத்தாள்.

வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, இருட்டில், அலரி மரங்களுக்குக் கீழே, உள்ளங்கையைக் குவித்துத் தட்டுகிற சத்தம் கேட்டது. நிதானமாக. காணிக்கையை ஏற்றுக்கொண்டவர்கள் தட்டுகிற தட்டு.

மெத்தையின் ஓரம் மேலே எழும்பியது.

இனோகேயின் விரல்கள் தளர்ந்தன. கரகரத்த குரலில் அவர் கேட்டார்: "தோரி... இது எந்த இடம்?"

விடிந்தபோது படியில் வேர்க்கட்டு இல்லை. மேகமும் இல்லை. பகல் விமானத்தில் அவர்களை ஏற்றிவிட்டார்கள்.

கண்டாவுக்குத் திரும்பி மாதங்கள் ஆயின. இனோகே உடம்பு தேறித் தோட்டத்துக்குப் போகிறார். ஆஸ்பத்திரி நாட்கள் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. தோரிகாவும் சொல்லவில்லை. ஒரே ஒரு மாற்றம்தான். சாப்பிடும்போது வாசலில் நிழல் தட்டினால் அவள் வாயைத் திறப்பதில்லை.

"வெளிநாட்டுக் காத்துப் பட்டதும் அக்காவுக்குக் கை சுருங்கிப்போச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரி அவள் காதுபடவே சொல்லிச் சிரித்தாள். "ஒரு வார்த்தை கூப்பிட்டா உன் கிழங்கையா தூக்கிட்டுப் போயிடுவோம்?"

நேற்று சாயங்காலம். தூறல். இருவரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலை யாரோ கடந்தார்கள்.

தோரிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இனோகே தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"வாங்க, சாப்பிடுங்க."

'இப்பத்தான் ஆச்சு' என்ற பதிலுக்காகத் தோரிகா காத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கட்டும். யாராகவாவது இருக்கட்டும்.

பதில் வரவில்லை.

இனோகே தன் தட்டை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பாயில் அவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. இடது கையால் தலைமுடியைப் படியத் தடவி, பக்கத்தில் வகிடு எடுத்துக்கொண்டார்.

"தோரி" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "நீ போய்த் தண்ணி எடுத்துட்டு வாம்மா. நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம்."

பாயின் நடுவில் இருந்த கூஜாவில் தண்ணீர் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது.