கமலவேணி சொல்லாத பெயர்

கல்யாணமாகிப் பதினேழு நாள்தான். தோட்டத்து லயமான பாச்சாங்கில் மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று நெருக்கியடித்த வீட்டில் புருஷனோடு நாலு வார்த்தை பேச வழியில்லை. ஒரு பழைய ஈயச் சுரங்க ஊருக்கு இரண்டு நாள் போய்வரலாம் என்று அவன் சொன்னதும், கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கப் போட்ட அவசரகாலம், ஊரடங்கு எல்லாம் அப்போது யாருக்கு நினைவிருந்தது!

வாடகை வீட்டுக்காரர் கந்தசாமி சாவியைக் கையில் திணித்தார்.

"ஆறு மணிக்கு மேல வாசப்படி தாண்டாதீங்க தம்பி. போலீஸ்காரனுங்க கேள்வியே கேக்க மாட்டானுங்க, சுட்டுருவானுங்க லா."

"உள் ரூம் ஏன் பூட்டியிருக்கு அண்ணே?"

"வேலப்பன் இருந்த ரூம். சுரங்கத்துல மண்ணு சரிஞ்சு செத்துட்டான். ஊர்லேருந்து பொண்டாட்டி வருவா வருவான்னு காத்துக் கெடந்தவன், பாவம்."

சொல்லிவிட்டு அவசரமாகச் சைக்கிளை மிதித்தார்.

ஆறரைக்கெல்லாம் மழையோடு இருட்டிவிட்டது. அவன் பின்கட்டில் குளிக்கப் போனான். விளக்கைத் தேடிய கமலவேணிக்கு ஈரக் களிமண் வாடை குப்பென்று அடித்தது. பூட்டிய கதவின் அடியிலிருந்து கட்டில்வரை சேற்றுக் காலடிகள்.

திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை.

கத்த வாயெடுத்தாள். அதற்குள் முன்கதவை இடித்துக்கொண்டு போலீஸ் நுழைந்தது. அவன் துண்டோடு ஓடிவந்தான். மழையில் நனைந்து கொடியில் தொங்கிய அவன் சட்டைப்பையிலிருந்து அடையாளக் கார்டை எடுத்து, தமிழ்ப் போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"படம் கரைஞ்சு போச்சு, பேரு மட்டும் தெரியுது. ஏம்மா, உன் புருஷன் பேரைச் சொல்லு. ஒத்து வந்தா போயிடறோம்."

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் அவள். கோயில் அர்ச்சனைக்குக்கூட நாத்தனார்தான் சொல்லுவாள். தாலியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"சொல்லு கமலா!" என்று அவன் கெஞ்சினான்.

சொல்லத்தான் போனாள்.

"வேலப்பன்."

அவள் குரல்தான். ஆனால் அவள் உதடு அசையவில்லை.

தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"கார்டுல காளிதாஸ்னு இருக்கு! எவன் கார்டுடா இது? காட்டுக்கு அரிசி கடத்துறவனா நீ?"

"ஐயோ, நான் சொல்லலீங்க! சத்தியமா நான் இல்லீங்க!"

யார் கேட்டார்கள்? அவனைத் தரதரவென்று இழுத்துப்போய் லாரியில் ஏற்றினார்கள். "விடியறதுக்குள்ள வெளிய வந்தா சுடுவோம்" என்று கதவைச் சாத்தினார்கள். லாரிச் சத்தம் மழையில் தேய்ந்து மறைந்தது.

பாவி, ஒரு பெயரைச் சொல்ல வாய் வரவில்லையே! கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆயுசாவது மண்ணாவது! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக அலறினாள்.

"காளிதாஸ்! காளிதாஸ்!"

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது; மறுபடி அந்த ஈரக் களிமண் வாடை.

"ஏன் கத்தறே?" என்றது புருஷனின் குரல். "இங்கதானே இருக்கேன் புள்ள."