கடைசிப் பட்டை

குளிர்காலத்துக்காக டிரெய்லரைப் போர்த்தியிருந்த உறையின் கட்டுப்பட்டையை லவோன் அடியில் தள்ளிவிட, அதை மறுபக்கத்திலிருந்து யாரோ மெல்ல இழுத்துக்கொண்டார்கள்.

அவள் முழங்காலிட்டபடியே அசையாமல் இருந்தாள். அவளையும் கணவன் ஆர்லனையும் தவிர அந்த முற்றத்தில் வேறு யாருமில்லை. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சிறு வீடான அந்த டிரெய்லருக்குள் ஆர்லன் இருந்தான். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிடாமலிருக்க, உறையாத ரோஸ் நிறத் திரவத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றப் போயிருந்தான். அவன் இருமுவது அவள் தலைக்கு மேலே, தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், இப்போதுதான் கேட்டது. பட்டையோ சக்கரங்களுக்கு நடுவிலிருந்த இருட்டுக்குள் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஆர்லன்?"

"பிடிச்சுட்டேன். நீ விடு," என்றது அவன் குரல், மறுபக்கத்திலிருந்து.

அவள் எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த ஈரப்புல்லைத் தட்டிவிட்டு, டிரெய்லரின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆர்லன் அங்கே நின்றிருந்தான். அதே பழைய கட்டம்போட்ட மேல்கோட்டு, காதை மூடும் தொப்பி, கையுறை. உள்ளே போய்வருவதற்காகக் கதவுக்கு நேரே சுருட்டி மேலே கட்டி வைத்திருந்த உறைத் துணி இப்போது இறக்கப்பட்டு, ஜிப் கீழ்வரை இழுத்து மூடப்பட்டிருந்தது.

"எப்ப வெளிய வந்த?"

"இப்பதான்."

"உள்ள இருமுனது கேட்டுச்சே."

"தொண்டை சரியாயிடுச்சு," என்று சிரித்தான். பிறகு, "ரொம்ப நன்றி, லவோன். குனிஞ்சு நிமிந்து எல்லா வேலையும் நீதான் செய்யுற," என்றான்.

யாரிடமாவது நல்ல பெயர் வாங்குவதற்காகச் சொல்கிறானோ என்று அவள் சாலைப் பக்கம் பார்த்தாள். சாலையில் யாருமில்லை. அறுவடை முடிந்த சர்க்கரை பீட் கிழங்கு வயல்கள் கறுப்பாக, தட்டையாக, வானம் முடிகிற இடம்வரை கிடந்தன. சர்க்கரை ஆலையின் புளித்த மண்வாடை காற்றில் வந்தது. மேலே வாத்துக்கூட்டம் ஒன்று தெற்கே கத்திக்கொண்டு போனது. இரவுக்குள் பனி கொட்டும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

நன்றி என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அவள் எப்போது கேட்டாள் என்று யோசித்தால் கல்யாணத்துக்கு முன்னால்தான் போக வேண்டும். காலையில் இதே உறையைக் கூரைமேல் ஏற்றும்போது, "தூக்குடி, திங்கிறதுக்கு மட்டும் கை நீளுது" என்றான். அவளும் விடவில்லை. "ஏணியிலேருந்து விழுந்து தொலை, நான் நிம்மதியா தனியா முடிச்சுக்குவேன்" என்றாள். இருவருக்கும் அதில் கோபம்கூட இல்லை. பல் தேய்ப்பதைப் போல அது பழகிப்போயிருந்தது.

ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற வருடம் ஆர்லன் இந்த டிரெய்லரை வாங்கினான். மேற்கே மலையெல்லாம் தாண்டிப்போய் கடலைப் பார்ப்பதாகத் திட்டம். இரண்டு மாநிலம்கூடத் தாண்டவில்லை. வழியில் ஒரு மழை இரவு, இந்தத் தகரப் பெட்டிக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது, "உன்கூட ஒரே அறையில இருக்க முடியாதுன்னு இப்பதான்டி தெரியுது" என்று சொல்லிவிட்டு விடிந்ததும் வண்டியைத் திருப்பினான். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அண்ணன் செத்த அன்றைக்குத்தான் அதற்குப் பதில் சொன்னாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உனக்கு இந்த அளவுக்குக்கூட யாரும் வரமாட்டாங்க" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வசந்தத்திலும் உறையைக் கழற்றுவார்கள். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மாட்டுவார்கள். நடுவில் எங்கும் போவதில்லை.

பீட் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று சாலையில் வேகம் குறைத்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் க்ளேட்டன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"என்ன ஆர்லன், போத்தியாச்சா? இந்த வருசமும் கடலு தப்பிச்சுச்சு போல!"

ஆர்லன் வழக்கமாக இதற்கு ஒரு கெட்ட வார்த்தை வைத்திருப்பான். லவோன் அதற்காகக் காத்திருந்தாள்.

"அடுத்த வருசம் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன் க்ளேட்டன். அவ தப்பில்ல. நான்தான் இவ்வளவு நாள் இழுத்தடிச்சுட்டேன்."

க்ளேட்டன் வாயைப் பிளந்தான். "லவோன், என்ன மருந்து குடுத்தீங்க இவருக்கு? மிச்சம் இருந்தா எனக்கும் குடுங்க, எங்க வீட்லயும் ஒரு ஆள் இருக்கா!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரி போன பிறகும் உதட்டில் அது கொஞ்ச நேரம் நின்றது. அப்போதுதான் டிரெய்லருக்குள்ளிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது.

தட். தட். பிறகு உள்ளங்கையால் ஓங்கி அறைகிற சத்தம்.

"லவோன்! ஏய் கழுத! எதுக்குடி ஜிப்ப மூடுன? நான் உள்ள இருக்கேன்டி!"

கெட்டியான சாம்பல் துணிக்குள்ளிருந்து மழுங்கி வந்தாலும் அந்தக் குரலில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இருமல், நடுவில் ஒரு வசவு, மறுபடி இருமல். பக்கத்தில் நின்றிருந்தவன் காதிலேயே விழாதவன் போலக் குனிந்து, பட்டையின் முனையைக் கிளிப்புக்குள் நுழைப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றினான்.

இடது கை. ஐந்து விரல்கள்.

ஆர்லனுக்கு இடது மோதிர விரல் கிடையாது. தானியம் ஏற்றும் இயந்திரம் அடியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரத்தம் ஊறிய துண்டைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரை வண்டி ஓட்டியவள் அவள்தான். இந்தக் கையில் அந்த விரல் இருந்தது. வெளுத்து, மழமழவென்று, இன்றைக்குத்தான் முளைத்தது போல. அதில் மோதிரமும் இருந்தது.

அவன் நிமிர்ந்தான். அவள் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். மறைக்கவில்லை.

"பனி வரப் போகுது," என்றான் இதமாக. "இது ஒண்ணுதான் பாக்கி. நீயே மாட்டிடு."

கிளிப்பின் ஒரு பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தான். பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது.

"லவோன்! செவிட்டுப் பிணமே! கேக்குதா?"

கேட்டது. எல்லாம் கேட்டது. ஜிப்பை மேலே இழுக்க ஒரு நொடி போதும். இழுத்தால் யார் வெளியே வருவான், முதலில் என்ன சொல்வான், ராத்திரி சாப்பாட்டில் எதைக் குறை சொல்வான், படுக்கும்போது எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நாளைக்கும் தெரியும். சாகிறவரைக்கும் தெரியும்.

எதிரே நின்றவனைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

டக்.

கிளிப் பொருந்தியது. அவள் விரல்கள்தான் பொருத்தின.

வீட்டுக்குள் அவன் அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டான். மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு அவள் சுட்டு வைத்திருந்ததை எடுத்துப் பரிமாறினான். நன்றாயிருக்கிறது என்றான். அவள் தலைமுடியைப் பற்றி ஏதோ சொன்னான். கடலோரத்தில் எங்கே நிறுத்தினால் காலையில் அலைச்சத்தத்தில் கண்விழிக்கலாம் என்று சொன்னான். இப்படியெல்லாம் ஒருநாள் யாராவது பேசமாட்டார்களா என்று அவள் ஏங்கியதுண்டு. அதையே அதே சொற்களில், அதே வரிசையில் அவன் பேசினான். அவன் வாய் மென்றது. ஆனால் தட்டில் எதுவும் குறையவில்லை.

முற்றத்தில் தட்டும் சத்தம் சமையலறைவரை கேட்டுக்கொண்டேயிருந்தது. கண்ணாடிக்கு வெளியே இருட்டிவிட்டது. முதலில் ஆத்திரமாகக் கேட்டது, பிறகு சீராக. பிறகு நடுநடுவே விட்டுவிட்டு.

பிறகு நின்றது.

சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை அவளால் உட்கார்ந்திருக்க முடிந்தது. நின்றதும் முடியவில்லை. முள்கரண்டி கையிலிருந்து தட்டில் விழுந்தது.

"போய்ப் பாத்துட்டு வாயேன்," என்றான் அவன். டார்ச்சை எடுத்து அவனே நீட்டினான். "மனசு கேக்காதுல்ல."

வெளியே பனி தொடங்கியிருந்தது. டிரெய்லர் முற்றத்தின் ஓரத்தில் முகமில்லாத ஒரு பெரிய மிருகம் போலப் படுத்திருந்தது. காற்று உள்ளே புகும்போதெல்லாம் உறை உப்பி, பிறகு சுவரோடு ஒட்டியது. கதவுப் பக்கத்துப் பட்டைகளைத் தளர்த்தி, ஜிப்பை மேலே இழுத்து, துணியை விலக்கிக் கதவைத் திறந்து ஏறினாள். உள்ளே அந்த ரோஸ் திரவத்தின் இனிப்பு வாடை. மூச்சும் வியர்வையும் கலந்த புழுக்கம். டார்ச் வெளிச்சத்தில் ஆர்லன் பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தான். விரல் முட்டிகளில் தோல் கிழிந்திருந்தது. இடது கையில் நான்கு விரல்கள்.

"எவ்வளவு நேரம் கத்துனேன்," என்றான். குரல் தேய்ந்து போயிருந்தது. "கேட்டுச்சில்ல உனக்கு?"

"கேட்டுச்சு."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"எந்திரி ஆர்லன். அப்புறம் பேசிக்கலாம். வெளிய வா."

"அப்ப இவ்வளவு நேரம் கதவுகிட்ட நின்னு பேசிட்டிருந்தது யாரு?"

"யாரு பேசுனா?"

"நீதான்னு நெனச்சேன். உன் குரல்தான். 'கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ திறந்துடுறேன், கத்தாத கண்ணு'ன்னு..." அவன் உதட்டை நக்கிக்கொண்டான். "ரொம்ப அன்பா பேசுச்சு. அதனாலதான் பயந்துபோய் தட்டுறத நிறுத்துனேன்."

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வேகமாக இல்லை. தூங்கும் வீட்டில் சாத்துவது போல, மெதுவாக.

அதன் மேல் ஜிப் இறங்கியது.

அவள் பாய்ந்து கதவைத் தள்ளினாள். கை நுழையும் அளவுக்குத் திறந்து, இறுகிய துணியில் முட்டி நின்றது. வெளியே பட்டைகள் ஒவ்வொன்றாக இறுகின. டக். டக்.

"கத்தி! ஆர்லன், கத்தி எங்க?"

"காலையிலேயே எல்லாத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது நீதானேடி."

சாலையில் லாரி ஒன்று வேகம் குறைக்கும் சத்தம். க்ளேட்டனின் லாரி. லவோன் இரண்டு கைகளாலும் துணியை அறைந்தாள். கத்தினாள். ஆர்லனும் சேர்ந்து கத்தினான். இத்தனை வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது.

"என்னங்க உள்ள சத்தம்?" என்று க்ளேட்டன் கேட்பது காதில் விழுந்தது.

"எலி," என்றது ஒரு பெண் குரல். லவோனின் குரல்தான். அவளே மறந்துபோயிருந்த இளமையான, சிரிப்பு கலந்த குரல். "ரெண்டு எலி புகுந்திருச்சு க்ளேட்டன். இந்தக் குளிருக்கு எத்தனை நாள் தாங்கும்? அதுவா அடங்கிடும்."

"அதுவும் சரிதான்! ரெண்டு பேரும் கை கோத்துட்டு நிக்கிறத இன்னிக்குத்தான் பாக்குறேன். நல்லா இருங்க!"

லாரி போய்விட்டது. காலடிகள் பனியில் நெரிந்து கதவருகே வந்தன. கதவிடுக்கை அடைத்திருந்த துணி, அவள் முகத்துக்கு நேரே, வெளியிலிருந்து மெல்லப் புடைத்தது. ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்கள். அது துணியோடு சேர்த்து அவள் கன்னத்தைத் தொட்டது. அழும் குழந்தையைத் தூங்கவைப்பது போல, மெதுவாக, மிகவும் பொறுமையாக, தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.